படிக்காவிட்டால் ஏர்கோன் பழுதுபார்க்கத்தான் போவாய்!



தலைப்பில் உள்ள வாசகத்தை நீங்கள் எங்கேனும் கேட்டிருப்பீர்கள். வகுப்பறையில் கேட்டிருப்பீர்கள். தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில், தலைகுனிந்து நிற்கும் பிள்ளையின் அருகே அமர்ந்திருக்கும் தந்தையின் வாயிலிருந்து கேட்டிருப்பீர்கள். ஆசிரியர் அறையில் தேநீர் வேளையில், சிரிப்போடு சிரிப்பாகவும் கேட்டிருப்பீர்கள். சொன்னவர்களுள் நானும் ஒருவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பினாங்கில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் போதித்து வருகின்ற நான், இவ்வாசகத்தை எத்தனை முறை உதிர்த்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல இயலாது.

இன்று அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்கின்றேன். மன்னிப்புக் கேட்பதற்காக மட்டும் இதனை எழுதவில்லை. அந்த வாசகம் பொய்யானது. அது நம் பிள்ளைகளின் அறிவியல் கல்வியையே அரித்துத் தின்கின்றது. இதனை ஒரு சின்னஞ்சிறு பொருளை முன்வைத்து நிறுவ விரும்புகின்றேன். அப்பொருளின் பெயர் மின்தேக்கி. கடையில் கப்பாசிட்டர் என்றால் எடுத்துத் தருவார்கள். பெரியவர்கள் சிலர் இன்றும் கண்டென்சர் என்பார்கள். ஏர்கோனில் கண்டென்சர் என்ற பெயரில் வேறோர் உறுப்பு இருப்பதால், அந்தப் பழைய பெயரை நாம் விட்டுவிடுவோம்.

நடந்தது இதுதான்

கடந்த பள்ளி விடுமுறையில், ஆயர் ஈத்தாமில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் ஏர்கோன் குளிர் தர மறுத்தது. உள்ளே காற்று வந்தது, குளிர் இல்லை. வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியில் விசிறி சுழன்றது. ஆனால், சில நொடிகளுக்கு ஒரு முனகல் கேட்கும், பிறகு 'டக்' என்றோர் ஓசை, அப்புறம் அமைதி. சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் அதே முனகல், அதே 'டக்'. அந்த அறை, எழுந்து நடமாட இயலாத என் தாயாரின் அறை. பினாங்கின் பிற்பகல் வெயிலை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒருவர் வந்தார். சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். முனகலைக் கேட்டார். "கம்ப்ரசர் போய்விட்டது, சார். பழைய பெட்டி. இதற்குச் செலவு செய்வது வீண். புதிதாக மாட்டிவிடலாம். எல்லாம் சேர்த்து 1,650 வெள்ளி" என்றார். நான் தலையாட்டினேன். முன்பணம் கட்டவும் ஒப்புக்கொண்டேன்.

அன்று மாலை என் மனைவி கேட்டார்: "உங்களிடம் படித்த பையன் ஒருவன் ஏர்கோன் வேலைதானே செய்கிறான்? அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே?"

எனக்குத் தயக்கம். காரணம், அந்தப் பையனிடம்தான் முப்பது பிள்ளைகள் பார்த்திருக்க அந்த வாசகத்தைச் சொல்லியிருந்தேன். பெருக்கல் வாய்பாட்டில் தடுமாறிய ஒரு காலைப்பொழுது அது. என் தாயார் வியர்வையில் நனைவதைப் பார்த்த பிறகு, தயக்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு அழைத்தேன்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். இப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். முதலில் என் தாயாரிடம் சென்று நலம் விசாரித்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"ஐயா, முன்பு வந்தவர் பெட்டியைத் திறந்தாரா?"

"இல்லை."

"ஏதாவது அளந்து பார்த்தாரா?"

"இல்லை."

"அப்படியென்றால் கம்ப்ரசர் போய்விட்டது என்று எப்படித் தெரியும், ஐயா?"

அந்தக் கேள்வியை நானல்லவா கேட்டிருக்க வேண்டும்? நான்தானே அறிவியல் ஆசிரியர்?

அவர் மின்சாரத்தைத் துண்டித்தார். துண்டிக்கப்பட்டதா என்று கருவியை வைத்துச் சோதித்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே ஈயநிற உருளை ஒன்று இருந்தது. அதன் முனைகளின் குறுக்கே, கம்பி பொருத்திய ஒரு மின்தடையைச் சில நொடிகள் பிடித்தார். மின்னழுத்தம் எஞ்சியிருக்கின்றதா என்று மறுபடியும் அளந்தார். கம்பிகள் எந்த முனையில் இருந்தன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கழற்றினார். உருளையின் மேல் அச்சிட்டிருந்த எண் 35 மைக்ரோஃபேரட். மல்டிமீட்டர் காட்டிய எண் 9.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. கம்ப்ரசரின் மூன்று முனைகளுக்கு இடையிலான மின்தடையையும் அளந்தார். சுருள் எதுவும் அறுந்திருக்கவில்லை. உலோக உடலோடு உரசியிருக்கவும் இல்லை. அதன் பிறகுதான் புதிய மின்தேக்கியை மாட்டினார். மின்சாரம் கொடுத்ததும் முனகல் இல்லாமல் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. பொருளுக்கு 38 வெள்ளி, கூலி 60 வெள்ளி. ஆக 98 வெள்ளி. நாற்பது நிமிட வேலை.

1,650 எங்கே, 98 எங்கே?

முதலில் வந்தவர் ஏமாற்றுக்காரரா?

இக்கதையைக் கேட்ட நண்பர்கள் எல்லாரும் "ஏமாற்றுப் பேர்வழி" என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் உண்மையாகவே கம்ப்ரசர் போய்விட்டதென்று நம்பியிருக்கக்கூடும். முனகல் கேட்டால் கம்ப்ரசர். குளிர் குறைந்தால் 'கேஸ்' இல்லை. தண்ணீர் சொட்டினால் கழுவ வேண்டும். அவர் மனத்தில் இப்படியொரு வினா விடைப் பட்டியல் இருக்கின்றது. வினாவைக் கேட்டதும் விடை வந்து விழுகின்றது.

நண்பர்களே, அந்தப் பட்டியலை அவருக்குக் கற்றுக் கொடுத்தது யார்? நாம்தான்! முக்கியச் சொல்லுக்குக் கோடிடு, பொருத்தமான விடையை எழுது, அடுத்த கேள்விக்குப் போ என்று ஆறாண்டுகள் பழக்கியவர்கள் நாம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் ஆவி இன்னும் நம் வகுப்பறைகளில் உலவிக்கொண்டுதான் இருக்கின்றது. நம் அளவுகோலின்படி, முதலில் வந்தவர் நல்ல மாணவர். கேட்டவுடன் விடை சொன்னார். என் பழைய மாணவரோ மோசமான மாணவர். விடை சொல்வதற்குமுன் அளந்து பார்த்தார், கேள்வி கேட்டார், நேரம் எடுத்துக்கொண்டார்.

இதில் எனக்கும் பங்குண்டு. தலையாட்டியவன் நான். ஒரு சோதனையும் செய்யாமல் சொல்லப்பட்ட முடிவை, ஓர் அறிவியல் ஆசிரியர் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார் என்றால், அவர் இத்தனை ஆண்டுகளாக எதைப் போதித்தார்?

பாட்டியின் தையல் இயந்திரமும் மின்தேக்கியும்

அன்று என் மகளும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஐந்தாம் ஆண்டு படிக்கின்றாள். "அந்த உருளை என்ன செய்யும், அண்ணா?" என்று கேட்டாள். வகுப்பில் நான் தருகின்ற விளக்கத்தைவிட அவர் தந்த விளக்கம் நன்றாக இருந்தது. ஆகவே அதனையே இங்குத் தருகின்றேன்.

மிதித்துத் தைக்கும் பழைய தையல் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். மிதிபலகை மேலும் கீழுமாகத்தான் ஆடும். சக்கரமோ சுழல வேண்டும். சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் போதும். நின்றுபோன சக்கரத்தை மிதித்து மட்டும் கிளப்ப முயன்றால் அது அசையாமல் அடம்பிடிக்கும். அல்லது எதிர்த்திசையில் சுழன்று நூலை அறுத்துவிடும். அதனால் பாட்டி என்ன செய்வார்? வலக்கையால் மேற்சக்கரத்தைச் சற்றே தட்டிவிடுவார். அந்தச் சிறு தட்டுக்குப் பிறகு இயந்திரம் ஓடும்.

நம் வீட்டுக்கு வருகின்ற ஒற்றைமுனை மின்சாரமும் அந்த மிதிபலகையைப் போன்றதே. நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுகின்றது. மோட்டாரின் முதன்மைச் சுருளில் அது உண்டாக்கும் காந்தப்புலமும் ஆடுமே தவிர, சுழலாது. சுழற்சி பிறக்க வேண்டுமெனில், இரண்டாவது சுருள் ஒன்றில் மின்னோட்டம் சற்று முன்னதாகவே வர வேண்டும். அப்படி முன்னதாக வரச் செய்வதுதான் மின்தேக்கியின் வேலை. பாட்டியின் வலக்கை அது! கை ஓய்ந்துபோனால் மோட்டார் முனகும், மிகுதியான மின்சாரத்தை இழுக்கும், சூடாகும். சூடு எல்லை மீறியதும் பாதுகாப்புச் சுவிட்ச் 'டக்' என்று வெட்டிவிடும். ஆறியதும் மறுபடியும் முயலும். என் வீட்டில் கேட்ட முனகலும் 'டக்'கும் அதுதான்.

கை ஏன் ஓய்கின்றது? இவ்வகை மின்தேக்கியின் உள்ளே, மெல்லிய உலோகப் பூச்சுடைய பாலிபுரொப்பிலீன் நெகிழிப் படலம் சுருட்டப்பட்டிருக்கின்றது. படலத்தில் எங்கேனும் நுண்ணிய துளை விழுந்தால், அவ்விடத்துப் பூச்சு ஆவியாகி, மின்தேக்கி தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆனால், ஒவ்வொரு முறையும் கொள்ளளவில் இம்மியளவு குறையும். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு இளைத்துக்கொண்டே போகும். சில வேளைகளில் உருளையின் தலை வீங்கியோ எண்ணெய் கசிந்தோ காட்டிக்கொடுக்கும். பல வேளைகளில் வெளியே எந்த அடையாளமும் இராது. அதனால்தான் கண்ணால் பார்த்தது போதாது, அளக்க வேண்டும் என்கின்றேன்.

இவற்றின் ஆயுளுக்கும் கணக்குண்டு. மோட்டார் மின்தேக்கிகளுக்கான ஐ.இ.சி. 60252-1 என்னும் அனைத்துலகத் தரநிலை, அவற்றை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றது. ஏ வகுப்பு 30,000 மணி நேரத்துக்கும், பி வகுப்பு 10,000 மணி நேரத்துக்கும், சி வகுப்பு 3,000 மணி நேரத்துக்கும், டி வகுப்பு 1,000 மணி நேரத்துக்கும் வடிவமைக்கப்பட்டவை. நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால், 10,000 மணி நேரம் என்பது ஏறத்தாழ மூன்றரை ஆண்டு. 3,000 மணி நேரம் என்பது ஓராண்டுக்குச் சற்றே கூடுதல். அந்த நாள் வந்ததும் அது செத்துவிடும் என்று பொருளில்லை. ஆயினும், வெயில் நேராக அடிக்கும் சுவரில், கடற்காற்றின் உப்பு படியும் முனைகளோடு தொங்குகின்ற பெட்டிக்குள் அது நெடுநாள் வாழும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. நான்காம் ஆண்டு மாணவன் போடக்கூடிய வகுத்தல் கணக்கு இது. நம் கணக்குப் புத்தகத்தில் இன்னும் மிட்டாயைத்தான் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றோம்!

அவர் செய்ததும் நாம் போதிப்பதும்

அறிவியல் பாடத்திட்டத்தில் அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்றொரு பட்டியல் உள்ளதை ஆசிரிய நண்பர்கள் அறிவீர்கள். அதை நாம் மாணவர்களை மனனம் செய்ய வைக்கின்றோம். என் மாணவர் அன்று செய்தவற்றை அதனருகே வைத்துப் பாருங்கள்.

1. உற்றறிதல்: விசிறி சுழல்கின்றது, கம்ப்ரசர் முனகி நிற்கின்றது. இரண்டையும் கண்ணாலும் காதாலும் கவனித்தார்.

2. ஊகித்தல்: விசிறி ஓடுவதால் மின்சாரம் வெளிப்பெட்டி வரை வருகின்றது. முனகல் கேட்பதால் கம்ப்ரசருக்கும் மின்சாரம் கிடைக்கின்றது. ஆகவே கோளாறு கிளம்பும் இடத்தில் இருக்கலாம்.

3. கருதுகோள் உருவாக்குதல்: மின்தேக்கி இளைத்திருக்கலாம், அல்லது கம்ப்ரசரின் சுருள் கெட்டிருக்கலாம், அல்லது கம்ப்ரசர் உள்ளே இறுகிப்போயிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே முனகல்தான்!

4. அளவெடுத்தலும் எண்களைப் பயன்படுத்துதலும்: 35 இருக்க வேண்டிய இடத்தில் 9. பொதுவாக 5 விழுக்காடு கூடலாம், குறையலாம் என்று மின்தேக்கியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அப்படியானால் 33.25க்குக் கீழே போனாலே ஐயப்பட வேண்டும்.

5. மாறிகளைக் கட்டுப்படுத்துதல்: சுருளின் மின்தடை சரியாக இருப்பதை உறுதிசெய்த பிறகு, மின்தேக்கி ஒன்றை மட்டுமே மாற்றினார். வேறெதையும் தொடவில்லை.

6. பரிசோதனை செய்தல்: மின்சாரம் கொடுத்தார். கம்ப்ரசர் ஓடியது. மறுபடியும் ஓட்டத்தின் மின்னளவைப் பார்த்தார். கருதுகோள் ஏற்கப்பட்டது.

இவ்வளவையும் செய்தவரை நாம் 'படிக்காதவர்' என்கின்றோம். இப்பட்டியலை வரிசை பிசகாமல் ஒப்புவித்துவிட்டு, வீட்டு ஏர்கோன் முன்னால் கைபிசைந்து நிற்பவரைப் 'படித்தவர்' என்கின்றோம். என்ன நியாயம் இது?

எதிர்ப்புக் குரல்களுக்கு மறுமொழி

இதனை ஆசிரியர் அறையில் பேசியபோது மூன்று எதிர்ப்புகள் எழுந்தன. மூன்றும் பதில் சொல்லத் தக்கவையே.

முதலாவது: "பிள்ளைகளைப் பெட்டியைத் திறக்கச் சொல்கின்றீர்களா? உயிருக்கு ஆபத்தல்லவா?"

ஆபத்துதான். அதில் எனக்கு இருவேறு கருத்தில்லை. பிள்ளைகள் மட்டுமல்லர், இதைப் படிக்கின்ற பெற்றோர்களும் திருப்புளியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். அதன் உச்சம் 325 வோல்ட்டைத் தொடும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கி அதனைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். 1746இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பேராசிரியர் முஸ்கென்புரூக், தண்ணீர்க் குடுவையில் மின்னேற்றத்தைத் தேக்கும் சோதனையில் வாங்கிய அதிர்ச்சிக்குப் பிறகு, பிரெஞ்சு நாட்டையே கொடுத்தாலும் அதை மீண்டும் செய்யமாட்டேன் என்ற பொருள்பட எழுதினார். உலகின் முதல் மின்தேக்கிகளுள் ஒன்று அது. இரு முனைகளையும் திருப்புளியால் தொட்டுத் தீப்பொறி பறக்கவிடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு நம் இளைஞர்கள் அதைத் திறமை என்று எண்ணுகின்றார்கள். தக்க மின்தடையின் வழியே மெல்ல வடிய விடுவதும், வடிந்ததா என்று அளந்து பார்ப்பதுமே திறமை. இன்வெர்ட்டர் வகை ஏர்கோன்களின் அமைப்போ வேறு. அவற்றின் மின்சுற்றுப் பலகையில் உள்ள மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். அவற்றைப் பயிற்சி இல்லாதவர் அணுகவே கூடாது.

ஆனால், ஆபத்து என்பதால் அறியாமையில் வைத்திருக்க வேண்டுமா? கடலுக்கு அருகே வாழும் பிள்ளைக்குக் கடலைப் பற்றிச் சொல்லாமல் இருப்போமா? உள்ளே கைவைக்காமல் இருப்பதற்கும், உள்ளே என்ன இருக்கின்றது என்றே தெரியாமல் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. தெரிந்தவன் கேள்வி கேட்பான். தெரியாதவன் என்னைப்போல் தலையாட்டுவான்.

இரண்டாவது: "இதையெல்லாம் தமிழில் விளக்க முடியுமா? சொற்கள் எங்கே?"

இக்குரல் நமக்குப் புதிதன்று. 2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றியபோதும் இதையே சொன்னார்கள். அத்திட்டத்தைக் கைவிடும் முடிவை 2009இல் அரசாங்கமே அறிவித்தது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோதும் இதே குரல் மீண்டும் ஒலித்தது. என் மாணவரிடம் 'மின்தேக்கி' என்ற சொல்லைச் சொன்னேன். அவர் அதுவரை கப்பாசிட்டர் என்றே வழங்கி வந்தவர். ஒரு கணம் யோசித்துவிட்டு, "தேக்கி வைப்பதால் மின்தேக்கி. மூடியைத் திறக்கும்போது இந்தப் பெயரே எச்சரிக்கை செய்யும், ஐயா" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. கப்பாசிட்டர் என்னும் சொல் நம் பிள்ளைக்கு ஓர் ஓசை மட்டுமே. மின்தேக்கி என்னும் சொல்லில் பாடமும் இருக்கின்றது; பாதுகாப்பும் இருக்கின்றது. ஆங்கிலச் சொல்லையும் மலாய்ச் சொல்லையும் பிள்ளைகள் கற்கட்டும். கடையில் அவையே தேவைப்படும். பொருள் விளங்க வேண்டிய முதல் வேளையில் தாய்மொழி பேசட்டும்.

மூன்றாவது: "நம் பிள்ளைகள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆக வேண்டாமா? மீண்டும் கூலி வேலைக்கே அனுப்பப் பார்க்கின்றீர்களா?"

இக்கேள்வியின் பின்னால் உள்ள வலியை நான் அறிவேன். தோட்டத்துப் பால்மரக் காட்டில் முதுகு ஒடிந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். கையால் செய்யும் வேலை என்றாலே நமக்கு அந்த நினைவு வந்துவிடுகின்றது. ஆனால் இப்பினாங்கின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கர்ட், போஷ் முதலிய நிறுவனங்கள் வந்தன. நம் அத்தைமார்களும் அக்காமார்களும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி இரவுப்பணிக்குப் போனார்கள். உலகத்துக்கே மின்னணுப் பொருள் செய்து அனுப்புகின்ற தீவு இது. அத்தீவில் அரை நூற்றாண்டு வாழ்ந்த பிறகும், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டிக்குள் என்ன இருக்கின்றது என்று கேட்கக் கூச்சப்படுகின்றோம்!

தொழிலாளர்களுக்குப் பயிற்சி தருவதற்காகவே 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கப்பட்டது. தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் உள்ளது. அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் உண்டு. ஏணி இருக்கின்றது. ஏணியின் அடியில் நின்றுகொண்டு, "ஏறினால் மானம் போய்விடும்" என்று பிள்ளையை மிரட்டுகின்றவர்கள் நாம்தாம். மருத்துவரும் செய்வது என்ன? அறிகுறி கேட்கின்றார், அளக்கின்றார், ஐயப்படுகின்றார், உறுதிசெய்த பின்னரே மருந்து எழுதுகின்றார். முனகலைக் கேட்டவுடன் இதயத்தையே மாற்றச் சொல்லும் மருத்துவரிடம் நீங்கள் போவீர்களா?

பெற்றோர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஏர்கோன் பழுதுபார்க்க யார் வந்தாலும், மரியாதையோடு இவற்றைக் கேளுங்கள்.

1. மின்தேக்கியை அளந்தீர்களா? அதன் மேல் உள்ள எண் என்ன? மீட்டர் காட்டிய எண் என்ன?

2. கம்ப்ரசர் கெட்டுவிட்டது என்றால், சுருளின் மின்தடையை அளந்து பார்த்தீர்களா?

3. புதிய மின்தேக்கியின் மைக்ரோஃபேரட் பழையதற்குச் சமமாக உள்ளதா? வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ உள்ளதா? மைக்ரோஃபேரட் கூடினால் நல்லது என்பது தவறான எண்ணம். வோல்ட் குறையவே கூடாது.

4. கழற்றிய பழைய பொருளைத் தர முடியுமா?

5. 'கேஸ்' குறைந்துவிட்டது என்றால், எங்கே கசிகின்றது? ஏர்கோனின் குளிரூட்டும் வாயு மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. பெட்ரோல்போல் எரிந்து தீர்வதன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கின்றது என்று பொருள்.

இன்னொன்று. முனகலும் 'டக்' ஓசையும் கேட்டால் உடனே ஏர்கோனை அடைத்துவிடுங்கள். "மறுபடியும் போட்டுப் பார்க்கலாம்" என்று நாளெல்லாம் முயன்றால், நாற்பது வெள்ளிப் பொருளின் கோளாறு கம்ப்ரசரின் சுருளை எரித்துவிடக்கூடும். அப்போது முதலில் வந்தவர் சொன்னது மெய்யாகிவிடும்!

பள்ளிகள் செய்ய வேண்டியவை

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மின்தேக்கியை அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் ஒன்று நூறு வெள்ளிக்குள் கிடைக்கின்றது. ஒவ்வொரு பள்ளியும் ஒன்று வாங்கினாலும் மொத்தச் செலவு 2,800 வெள்ளியைத் தாண்டாது. நம் பரிசளிப்பு விழாக்களின் மேடை அலங்காரத்தைவிட இது பெரிய செலவா? பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஐந்தாம் ஆண்டில் தொடர்ச்சுற்று, இணைச்சுற்றுப் பாடம் நடத்தும்போது, 9 வோல்ட் மின்கலம், 4,700 மைக்ரோஃபேரட் மின்தேக்கி, 1,000 ஓம் மின்தடை, ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றை ஆசிரியரின் மேற்பார்வையில் இணைத்துக் காட்டலாம். மின்தேக்கி குறைந்தது 16 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். நேர்முனை, எதிர்முனை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்கலத்தைக் கழற்றிய பிறகும் விளக்கு சில நொடிகள் எரிந்து மெல்ல மங்கும். "மின்கலம் இல்லையே, வெளிச்சம் எங்கிருந்து வருகின்றது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் நாம் சம்பளம் வாங்குகின்றோம்.

அறிவியல் வாரத்துக்குப் பேச்சாளர் தேடும்போது, பட்டம் பெற்றவர்களை மட்டும் அழைக்காதீர்கள். கருவிப்பையோடு வருகின்ற நம் பழைய மாணவர் ஒருவரையும் மேடையேற்றுங்கள். அவருக்கும் மாலை போடுங்கள்.

நிறைவாக

வேலை முடிந்து கை கழுவும்போது, பல ஆண்டுகளுக்கு முன் நான் சொன்னதை அவருக்கு நினைவூட்டி வருத்தம் தெரிவித்தேன். "நினைவிருக்கிறது, ஐயா" என்றார். "பரவாயில்லை" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "என் மகன் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்கிறான். அவனிடம் அப்படிச் சொல்லாதீர்கள், ஐயா" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை. என்னாலும் பேச முடியவில்லை.

அந்தப் பழைய மின்தேக்கி இப்போது என் அறிவியல் அறை மேசைமீது இருக்கின்றது. அதன் மேல் 35 என்று அச்சிட்டிருக்கின்றது. பக்கத்தில் நான் 9 என்று எழுதி ஒட்டியிருக்கின்றேன். பள்ளி திறந்ததும் மாணவர்கள் அது என்னவென்று கேட்டார்கள். மூன்று பாடவேளைகள் அதைப் பற்றியே பேசினோம். மல்டிமீட்டர் வாங்கிய பிறகு, அவர்களே அதை அளந்து பார்ப்பார்கள். என் எண்ணை நம்ப வேண்டியதில்லை.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! தலைப்பில் உள்ள வாசகத்தை இனி நம் வாயால் சொல்ல வேண்டாம். சொல்லியே தீர வேண்டுமென்றால் இப்படிச் சொல்வோம்: "நன்றாகப் படி. ஏர்கோன் பழுதுபார்க்கவும் அறிவு வேண்டும்."

அன்புடன்,
உங்களுள் ஓர் ஆசிரியன்